தேநீர்க் கோப்பை அளவு

ஏழு லிட்டர் வேண்டும் என்றான் ரையன்.
காலை ஐந்தரைக்குள்
உம்சிண்டோ கரும்புக் காட்டில்.

அடுப்படியில் நின்று கலக்கினேன்:
தங்க நிறப் பாகு பன்னிரண்டு டின்,
சிவப்புச் சாயம்,
கேமராவுக்காகக் கொஞ்சம் கோகோ தூள்,
நீலம் ஒரு சொட்டு. நீலம் இல்லாவிட்டால்
ஆரஞ்சுச் சர்பத் மாதிரி இருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாக
டர்பனில் எனக்கு இதுதான் பிழைப்பு.
வங்கிக் கொள்ளை, டாக்ஸிச் சண்டை,
ஒரு தடவை சுறாமீன்.
என் இரத்தம் இனிக்கும்.
நடிகர்கள் உதட்டோரம் நக்கிப் பார்ப்பார்கள், எல்லோரும்.

இது நடந்த கதை என்றதால்
நிறமாவது சரியாக இருக்கட்டும் என்று
மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.
1909. சர்தார் எல்லப்பன் கொலை.
கட்டின் நாடாவை அவிழ்த்ததும்
விரலெல்லாம் பழுப்புத் தூள்.
மாவட்ட மருத்துவரின் சாய்ந்த கையெழுத்து:

கழுத்தின் இடப்புறம் ஒரே காயம்,
ஆழம் இரண்டே கால் அங்குலம்.
தரையில் இரத்தம், தேநீர்க் கோப்பை அளவு.
மற்றது மணலில் இறங்கியிருக்கலாம்.
முழங்கை இரண்டிலும் தோல் உரிந்துள்ளது.
வெட்டுப்பட்ட இடத்திலிருந்து பதினோரு கெஜம்
ஊர்ந்திருக்கிறார்.
இடது முஷ்டிக்குள் கரும்புச் சோகை.
வயிற்றில் செரிக்காத மக்காச்சோளக் கூழ்.
கண்கள்: எறும்பு.

பதினோரு கெஜம்.
என் வீட்டு கேட்டிலிருந்து
குப்பைத்தொட்டி வரை நடந்து அளந்தேன்.
அப்புறம், தெருவில் ஆள் இல்லாதபோது,
முழங்கையால்.
பாதியில் எழுந்துவிட்டேன்.
எதிர்வீட்டு நாய் குரைத்தது.

ரையனின் திரைக்கதையில் ஆறு வெட்டு.
எல்லப்பன் மகள் பேரைச் சொல்கிறார்.
கண்ணை மூட ஒரு கை வருகிறது.
மொத்தம் பதினெட்டு நொடி.

ஊர்வதை எடுக்க முடியாதா என்றேன்.
"அக்கா, அவ்வளவு நேரம் ஊர்ந்தால்
ஜனம் பாப்கார்ன் வாங்கப் போய்விடும்."
பொய்யில்லை. நானே போவேன்.

கட்டின் அடியில் இன்னொரு தாள், வேறு மை.
கைதி பெரியண்ணன். வயது சுமார் இருபத்துநாலு.
ஆறு இலக்க ஒப்பந்த எண்.
அவன் கத்தியின் பிடியோரம் காய்ந்த கறை.
அதன்மேல் ஏதோ மரப்பிசின் கரைசலை விட்டார்கள்.
நீலமானது.
நீலமானால் இரத்தம்.
ஜூரி நாற்பது நிமிடம் பேசியது.
கயிறு.

கல்லூரியில் வேதியியல் சொல்லித்தரும்
என் நாத்தனார் நிவாஷ்னிக்கு
அந்தத் தாளைப் படம்பிடித்து அனுப்பினேன்.
இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது:
"இந்தச் சோதனை இலைச்சாறு பட்டாலும் நீலமாகும்.
உருளைக்கிழங்குக்கு ஆகும். கரும்புக்கும் ஆகலாம்."
ஒரு நிமிடம் கழித்து:
"அதனால் அவன் வெட்டவில்லை என்று ஆகாது.
தெரியாது என்றுதான் ஆகும். போய்த் தூங்கு."

தூங்கவில்லை.
காலை முதல் மாலை வரை கரும்பு வெட்டுகிறவன்
கத்தியில் வேறென்ன காயும்?
கரும்பு தின்னக் கூலியா என்போம்.
பெரியண்ணனுக்கு மாசம் பன்னிரண்டு ஷில்லிங்.
அன்றும் கரும்புச் சாறுதானோ
இரத்தமாக நடித்தது?
ஒத்திகை இல்லை.
கட் சொல்லவும் ஆளில்லை.

காலையில் ஏழு லிட்டரும் தீர்ந்தது.
ஆறாவது வெட்டில் குழாய் பிய்த்துக்கொண்டு
கேமராக்காரன் சட்டை நனைந்தது.
கைதட்டினார்கள்.
பெரியண்ணனாக நடித்த பையன்
விரலைச் சப்பிவிட்டு, "ஆன்ட்டி, சூப்பர்" என்றான்.

எல்லோரும் சாப்பிடப் போனபின்
ஃபிளாஸ்கில் ஒளித்துவைத்ததை எடுத்தேன்.
தேநீர்க் கோப்பை அளவு, அளந்துதான்.
மணலில் ஊற்றினேன்,
இறங்க எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க.

பாகு கெட்டி. இறங்கவில்லை.
மேலேயே பளபளத்துக்கொண்டு கிடந்தது.
எறும்பு மட்டும் உடனே வந்தது.
வேன்காரன் ஹாரன் அடித்தான்.
நான் குந்திக்கொண்டே இருந்தேன்.